பாட்டியின் படம்

"அடையாளக் கார்டுல உள்ளதைத் தவிர எனக்குப் படமே இல்லே, வாத்தியாரய்யா" என்றார், எங்கள் தோட்டத்தில் பால்மரம் சீவி ஓய்ந்த பாட்டி. காமிராவின் மேலேயே பிளாஷை மாட்டி எடுத்தேன். நெற்றி பளபளத்தது, முகம் தட்டையாகிவிட்டது. "இது யாரு?" என்றார்.

பிளாஷைக் கழற்றிப் பேரனிடம் கொடுத்து, பக்கவாட்டில் 4 அடி தள்ளி உயரப் பிடிக்கச் சொன்னேன். கம்பி வேண்டாம்; காமிராவில் செருகிய சிறு கருவி வானொலி அலையால் அதை மின்ன வைக்கும். ஒளியின் அளவை மட்டும் நாமே வைக்க வேண்டும். முழு ஒளியில் 16இல் ஒரு பங்கு வைத்தும் வெளிச்சம் அதிகம். பையனை 8 அடிக்கு நகர்த்தினேன். தூரம் இருமடங்கானால் வெளிச்சம் கால் பங்காகும். வகுப்பில் சொல்லும் கணக்குதான்!

இம்முறை ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது. பாட்டி வெகுநேரம் பார்த்தார்.

"எங்கம்மா மாதிரியே இருக்கேன். அவங்களுக்கு ஒரு படங்கூட இல்லேய்யா."