ழாக் சிராக்கும் என் வீட்டு ரசமும்

ஆன்சைட்ல இருந்தப்போ ஒரு ஞாயித்துக்கிழமை, ஆசையா ரசம் வெச்சுப் பெருங்காயம் போட்டுத் தாளிச்சேன். பத்து நிமிஷத்துல கதவு தட்டுற சத்தம். பக்கத்து வீட்டம்மா. மூக்கைச் சுளிச்சுக்கிட்டு, "இந்த வாடை இல்லாம சமைக்க முடியாதா?"ன்னாங்க. "சாரி"ன்னு சொல்லிட்டு அடுப்பை அணைச்சேன். அன்னிக்கு ரசம் தொண்டைல இறங்கலை.

ரொம்ப நாள் கழிச்சு பிரான்ஸின் முன்னாள் அதிபர் ழாக் சிராக் பத்திப் படிச்சப்போ அந்த ரசம் ஞாபகம் வந்துச்சு. வலதுசாரிக் கட்சித் தலைவரா இருந்த மனுஷன், 1991ல ஓர்லியான்ல பேசுறப்போ, பக்கத்து வீட்டுல குடியேறிக் குடும்பம் இருந்தா அந்தச் சத்தத்தையும் வாடையையும் பிரெஞ்சுத் தொழிலாளி எப்படித் தாங்குவான்ங்கிற மாதிரி பேசியிருக்கார். கைதட்டல் வேற!

இதுல கூத்து என்னன்னா, குடியேறின தொழிலாளிங்க குடும்பத்தைக் கூட்டிட்டு வரலாம்னு 1976ல ஆணை போட்டதே இவர் பிரதமரா இருந்த அரசுதான்.

சரி, யார் இந்த ஆளு? 1932ல பாரிஸ்ல பொறந்தவர். சின்ன வயசுல சமஸ்கிருதம் படிக்கப் போய், வாத்தியார் "உனக்கு வராதுப்பா"ன்னு ரஷ்ய மொழிக்கு மாத்தி விட்டாராம் :-) பாம்பிடு இவருக்கு வெச்ச பட்டப்பேர் 'புல்டோசர்'. 41 வயசுல பிரதமர். 1977லேர்ந்து 18 வருஷம் பாரிஸ் மேயர். 1981, 1988ன்னு ரெண்டு அதிபர் தேர்தல்ல தோத்து, 1995ல ஜெயிச்சார்.

ஜெயிச்ச ரெண்டே மாசத்துல ஒரு பேச்சு. 1942 ஜூலைல பாரிஸ் பகுதில சுமார் 13,000 யூதர்களை, அதுல 4,000க்கு மேல குழந்தைங்க, பிடிச்சு நாஜிகள்கிட்ட ஒப்படைச்சது பிரெஞ்சு போலீஸ். "அது விஷி அரசு செஞ்சது, பிரெஞ்சுக் குடியரசு செய்யலை"ங்கிறதுதான் டி கோல்லேர்ந்து மித்தரான் வரைக்கும் சொன்ன நிலைப்பாடு. சிராக் 1995 ஜூலை 16ஆம் தேதி, அந்தக் குற்றத்துல பிரான்ஸுக்கே பங்கு இருக்குன்னு பகிரங்கமா ஒத்துக்கிட்டார். 1942ல அவர் ஒன்பது வயசுப் பையன். அவர் செய்யாத தப்பு அது.

2002ல முதல் சுத்துல இருபது சதவீதம்கூடத் தொடலை. எதிர்ல நின்னது தீவிர வலதுசாரி லு பென். "பாசிஸ்டுக்கு வேணாம், மோசடிக்காரனுக்கே போடு"ன்னு இடதுசாரிங்களே கோஷம் போட்டு இவருக்கு ஓட்டுப் போட்டாங்க. 82 சதவீதம்! வாடைப் பேச்சு பேசினவரையே குடியேறிகளுக்கு அரணா நிறுத்தின தேர்தல். 2003ல ஈராக் போருக்கு மாட்டேன்னு நின்னதும் இவர்தான். கோஷத்துல சொன்ன மாதிரியே 2011ல, மேயரா இருந்தப்போ போலி வேலை போட்டுச் சம்பளம் கொடுத்த வழக்குல ரெண்டு வருஷம் தண்டனை, நிறுத்திவெச்சாங்க. 2019ல போய்ச் சேர்ந்தார்.

இவரை எந்தக் கட்டத்துல டிக் அடிக்கிறதுன்னு எனக்குத் தெரியலை. அந்த 1995 பேச்சுக்காக 1991 பேச்சை மன்னிக்கவும் மனசு வரலை, இதுக்காக அதை மறக்கவும் முடியலை.

ஒண்ணு மட்டும் புரிஞ்சுது. தன் பேர்ல இல்லாத தப்பையும் ஏத்துக்கிறதுக்கு ஒரு தைரியம் வேணும். தப்பே செய்யாம சாரி சொல்றதுக்குப் பேரு தைரியம் இல்லை, பயம். அன்னிக்கு நான் அடுப்பை அணைச்சிருக்கக் கூடாது.

நீங்க என்ன நினைக்கிறீங்க மக்களே?