ஒரே ஒரு படம் எடுத்தவர்

ரஷ்ய சினிமா என்றால் நம் வயதுக்காரர்களுக்கு ஐசன்ஸ்டைனும் தார்க்கோவ்ஸ்கியும்தான் முதலில் நினைவுக்கு வருவார்கள். அலெக்சாந்தர் அஸ்கோல்தவ் என்ற பெயரைச் சொன்னால், "அவர் என்னென்ன படம் எடுத்தார்?" என்று கேட்பார்கள். பதில் சுலபம். ஒன்றே ஒன்று. பெயர் 'கமிசார்'. 1967இல் எடுத்தார். ஜனங்கள் அதைப் பார்க்க இருபது வருஷம் ஆயிற்று.

செஞ்சேனையில் கட்சியின் சார்பில் இருக்கும் அரசியல் அதிகாரிக்குத்தான் கமிசார் என்று பெயர். ரஷ்ய உள்நாட்டுப் போர்க் காலம். வவீலவா என்ற பெண் கமிசார், இரும்பு மனுஷி, கர்ப்பமாகிவிடுகிறாள். பிரசவம் வரைக்கும் பெர்திச்செவ் ஊரில் ஒரு ஏழை யூதர் வீட்டில் அவளைத் தங்க வைக்கிறார்கள். வீட்டுக்காரர் எஃபீம் தகர வேலை செய்பவர், ஓட்டைப் பாத்திரம் அடைப்பவர். மனைவி, ஒரு மூதாட்டி, ஆறு பிள்ளைகள். இருக்கிற இடத்தில் ஒரு அறையைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டார்களே என்று முதலில் புலம்புகிறார். பிறகு அவளும் அந்த வீட்டில் ஒருத்தியாகிவிடுகிறாள்.

என் மனைவியும் நானும் இதை இணையத்தில் ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்தோம். பிரசவ வலிக் காட்சியில் அவள் சப்டைட்டிலையே பார்க்கவில்லை. "இதுக்கு எதுக்கு மொழி?" என்றாள். ஆனால் எஃபீமின் பிள்ளைகள் விளையாடும் இடம் வந்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவர்கள் விளையாடுவது யூதர்களை அடித்து விரட்டும் கலவர விளையாட்டு. தங்கள் வீட்டுச் சிறுமியையே ஊஞ்சலில் கட்டி மிரட்டுகிறார்கள். கண்ணால் பார்த்ததைத்தானே குழந்தைகள் விளையாடும்?

அதன்பின் குண்டு விழுகிறது. குடும்பம் நிலவறையில் ஒளிந்துகொள்கிறது. பயந்த பிள்ளைகளைத் தேற்ற எஃபீம் ஆடத் தொடங்குகிறார், எல்லோரும் சேர்ந்துகொள்கிறார்கள். திடீரென்று காட்சி மாறுகிறது. அதே குடும்பம், மார்பில் மஞ்சள் நட்சத்திரம், கூட்டத்தோடு கூட்டமாக நாஜிகளின் கொலைக்களத்துக்கு நடந்து போகிறது. இருபது வருஷத்துக்குப் பிறகு நடக்கப் போவது வவீலவாவின் கண்ணில் முன்கூட்டியே தெரிகிறது. மூலக்கதை வசீலி கிராஸ்மன் எழுதியது, 1934இல் வந்தது. அதில் இந்தக் காட்சி இல்லை, இருக்கவும் முடியாது. இது அஸ்கோல்தவ் சேர்த்தது. (கிராஸ்மனும் பெர்திச்செவ்காரர்தான். அவருடைய தாயை 1941இல் அந்த ஊரில் வைத்தே நாஜிகள் கொன்றார்கள்.)

புரட்சியின் ஐம்பதாம் ஆண்டுக்காக எடுத்த படம். மேலிடம் எதிர்பார்த்தது வீர கோஷம். கிடைத்தது குழந்தை பெறும் கமிசாரும் யூதக் குடும்பமும். அந்த ஜூனில்தான் இஸ்ரேல் போர் நடந்து, சோவியத் அரசு இஸ்ரேலோடு உறவை முறித்திருந்தது. மஞ்சள் நட்சத்திரக் காட்சியை வெட்டச் சொன்னார்கள். முடியாது என்றார். படத்தைக் கிடப்பில் போட்டார்கள். அவரைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள். உழைக்காமல் சாப்பிடுகிறவர் என்று ஒரு குற்றச்சாட்டு வேறு. கதைப்படம் எடுக்க ஆயுள் தடை. இதில் வேடிக்கை, அவரே ஒரு காலத்தில் கலாசார அமைச்சகத்தில் வேலை பார்த்தவர். கோப்பு எந்த மேஜையில் எப்படித் தூங்கும் என்று தெரியாதவரல்ல. தெரிந்துதான் மறுத்தார்.

காலை நடையில் கூட வரும் நண்பர், ஓய்வு பெற்ற வங்கிக்காரர், இதைக் கேட்டுவிட்டு, "ஒரு காட்சிதானே சார், வெட்டிட்டுப் போயிருக்கலாமே? இன்னும் பத்துப் படம் எடுத்திருப்பார். நஷ்டம் நமக்குத்தானே?" என்றார். கணக்கு சரிதான். லேசில் தள்ளிவிட முடியாத கேள்வி.

ஆனால் அஸ்கோல்தவின் பால்யத்தைத் தெரிந்துகொண்டால் கணக்கு மாறுகிறது. 1937, ஸ்டாலின் காலம், கீவ் நகரம். பையனுக்கு ஐந்து வயது. தந்தையைக் கைது செய்து சுட்டுக் கொன்றார்கள். தாயையும் பிடித்துக்கொண்டு போனார்கள். பையனை அப்புறம் வந்து கூட்டிப் போவதாகப் பேசிக்கொண்டது அவன் காதில் விழுந்தது. இரவோடு இரவாக வீட்டைவிட்டு ஓடி, பெற்றோருக்குத் தெரிந்த ஒரு யூதக் குடும்பத்தின் கதவைத் தட்டினான். அரசாங்கம் தேடும் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பது எவ்வளவு ஆபத்து! ஆனாலும் சேர்த்துக்கொண்டார்கள். போர் முடிந்தபின் அவர்களைத் தேடியவருக்குக் கிடைத்த செய்தி, பாபி யாரில் எல்லோரையும் கொன்றுவிட்டார்கள் என்பதுதான். இதை அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

அவரை எந்தக் காட்சியை வெட்டச் சொன்னார்கள் என்று இப்போது யோசித்துப் பாருங்கள். நண்பரிடமும் இதைத்தான் சொன்னேன். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். பிறகு, "அப்போ அது படம் இல்ல சார், கடன்" என்றார்.

கோர்பச்சேவ் காலத்தில் முடக்கிய படங்களெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. 'கமிசார்' மட்டும் அப்போதும் வரவில்லை. 1987 மாஸ்கோ திரைப்பட விழாவில், நிருபர்கள் நிறைந்த கூட்டத்தில் அஸ்கோல்தவே எழுந்து நின்று தன் படத்தைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. அதன்பிறகுதான் திரையிட்டார்கள். அடுத்த ஆண்டு பெர்லின் விழாவில் வெள்ளிக் கரடி விருது. படம் எடுத்தபோது அவருக்கு 35 வயது. திரையில் வந்தபோது 55. நம்மூரின் அன்றைய கணக்கில் ஓய்வு பெற மூன்று வருஷம் பாக்கி. அதன்பின் இன்னொரு கதைப்படம் அவர் எடுக்கவில்லை. 2018இல் சுவீடன் நாட்டில் கோதன்பர்க் நகரில் காலமானார்.

கறுப்பு வெள்ளைப் படம், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. எஃபீமாக வரும் ரோலன் பிகோவின் நடிப்புக்காகவே பார்க்கலாம். நிலவறைக் காட்சி வரும்போது ஒலியைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். இசை ஆல்ஃப்ரெட் ஷ்னிட்கே.