காயம் எனும் அமானத்து

தமிழில் ‘காயம்’ என்னும் சொல் உடலையும் குறிக்கும், புண்ணையும் குறிக்கும். அரபியில் புண்ணுக்கு ‘ஜுர்ஹ்’ என்றும் அறுவை மருத்துவத்துக்கு ‘ஜிராஹத்’ என்றும் பெயர். இரண்டும் ஒரே வேரிற் பிறந்தவை. ஆற்றுவதற்காகவே புண்படுத்துபவர் அறுவை மருத்துவர். அறுத்த தோல் மீண்டும் கூடும் என்னும் உறுதியிலேயே அவர் கத்தியை எடுக்கிறார்.

அவ்வுறுதி பொய்த்துப்போகும் உடல்களும் உண்டு. தோலையும் மூட்டையும் இரத்தக் குழாயையும் பிணைத்து நிறுத்துவது இணைப்புத் திசு. அதன் முதன்மையான புரதம் கொலாஜன். இத்திசு பிறவியிலேயே குறைபடும் நோய்களுள் ஒன்றுக்கு ஏலர்ஸ்-டான்லோஸ் என்று பெயர். டென்மார்க்கைச் சேர்ந்த ஏலர்ஸ் 1901-லும், பிரான்சைச் சேர்ந்த டான்லோஸ் 1908-லும் இதனை விவரித்தனர். 2017-ல் வெளியான பகுப்பு இதனை 13 வகைகளாகப் பிரிக்கிறது. தோலைப் பெரிதும் தாக்கும் வகையில், தோல் இழுத்த இழுப்புக்கு வரும். சிறு அடிக்கும் பிளக்கும். ஆறிய தழும்பு மெல்லிய தாள்போல் சுருங்கி அகன்று கிடக்கும். பெற்றோரில் ஒருவருக்கு இவ்வகை இருப்பின், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்கு இரண்டில் ஒரு வாய்ப்புண்டு.

இத்தகையோரின் புண்ணுக்குப் பொறுமையே முதல் மருந்து. ஆழத்தில் ஓர் அடுக்கும் மேலே ஓர் அடுக்குமாக, தோலை இழுக்காமல் தைக்க வேண்டும். தையலை வழக்கத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு நாள் விட்டுவைப்பர். பிரித்த பின்னும் ஒட்டுப்பட்டையிட்டுத் தாங்குவர். அப்பட்டையை வெடுக்கென உரித்தால் தோலும் உடன்வரும். சிலருக்கு மரத்துப்போகும் ஊசியும் போதிய அளவு பிடிப்பதில்லை. இரத்தக் குழாய்களைத் தாக்கும் வகையிலோ, தவிர்க்கவியலாத போதன்றிக் கத்தி வைக்கவே தயங்குவர்.

இத்தனை எச்சரிக்கையும் மருத்துவர் முன்னரே அறிந்தால் மட்டுமே கைகூடும். குர்துபா நகரின் பேரறிஞர் அஸ்ஸஹ்ராவி, காயம்பட்டால் இரத்தம் நில்லாமல் ஓர் ஊரின் ஆடவர் மடிந்த செய்தியைத் தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பதிந்துவைத்தார். அது வேறு நோய். ஆயினும் நோயுற்றோரின் ஊரையும் உறவையும் கேட்டறியும் அவ்விழிப்பு இந்நோய்க்கும் வேண்டும்.

நம் குடும்பங்களிலோ இத்தகைய குறையை வெளியே சொல்வதில்லை. பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையாதே என்னும் அச்சம். அவ்வச்சத்தை நாம் எள்ளவில்லை. எனினும் நம் ஆண்மக்களில் பெரும்பாலோர்க்கு வாழ்வின் முதல் அறுவை சுன்னத்தே அன்றோ? விருந்துக்கு நாள் குறிக்குமுன், வாப்பாவின் தழும்பு அகன்று கிடப்பதையும், மாமாவுக்கு இட்ட தையல் பிரிந்ததையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். தீங்கு நேருமென அஞ்சத்தக்க பிள்ளைக்குக் கத்னாவைத் தள்ளிவைக்க ஃபிக்ஹு நூலோர் இடந்தந்துள்ளனர். மகப்பேற்றுக்குச் செல்லும் மகளின் உடல்நிலையையும் இவ்வாறே முன்கூட்டி உரைத்தல் நலம்.

உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானத்து. மறைத்த சொல் குடும்ப மானத்தைக் காக்கலாம். காயத்தைக் காப்பது, இரு பொருளிலும், சொன்ன சொல்லே.