அப்பா கையா, மகன் கையா?

பழைய ஜப்பானிய வாள் ஒன்றை யாராவது காட்டினால் பல வருடங்களாக நான் முதலில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எத்தனையாவது தலைமுறை?" உறையிலிருந்து உருவும் முன்பே கேட்டுவிடுவேன். வரும் பதிலைப் பொறுத்துத்தான் என் கண்ணே வேலை செய்தது. இதற்கு ஆர்வம் என்று பெயர் வைத்திருந்தேன். உள்ளே ஓடியது விலைக் கணக்கு.

இந்தக் குணம் எனக்கு முற்றியது ஹிஸென் ததாயோஷி குடும்பத்தால். இன்றைய சாகா மாகாணத்தில், நபேஷிமா பிரபுக்களின் ஆதரவில் தலைமுறை தலைமுறையாக வாள் அடித்த கொல்லர்கள் அவர்கள். முதல் ததாயோஷி 1572இல் பிறந்தவர். 1596இல் கியோட்டோ சென்று உமேததா மியோஜுவிடம் தொழில் கற்றார், 1598இல் ஊர் திரும்பினார். 1624இல் 'முசாஷி தைஜோ' பட்டம் கிடைத்ததும் ததாஹிரோ என்று பெயரை மாற்றிக்கொண்டு, 1632இல் இறக்கும்வரை அப்படியே கையொப்பமிட்டார். அவருக்குப் பின் மகனும் ததாஹிரோ. பேரன் மறுபடியும் ததாயோஷி. மகனின் பட்டம் ஓமி தைஜோ. நான்காம் தலைமுறைக்கும் அதே பட்டம், ஆனால் பெயர் ததாயோஷி. பெயரை மட்டும் படித்து யார் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் தலை சுற்றும்.

சுற்றிய தலை நிற்க வேண்டுமென்றால் கைப்பிடியைக் கழற்ற வேண்டும். உள்ளே மறைந்திருக்கும் அடிக்காம்பில்தான் கொல்லர் உளியால் பெயர் வெட்டியிருப்பார். இந்தக் குடும்பத்தார் நீண்ட வாள்களில் மற்றவர்களுக்கு மாறாக எதிர்ப்பக்கத்தில் பெயர் வெட்டுவது வழக்கம். எழுத்தின் சாய்வு, உளி இறங்கிய ஆழம், அரத்தின் கீறல்கள், துருவின் நிறம் எல்லாம் சாட்சி. அந்தத் துருவைத் தேய்த்து எடுத்தால் சாட்சியும் போகும், விலையும் போகும். முதல் தலைமுறைக்கு விலை அதிகம் என்பதால் அவர் பெயரில் போலிக் கையொப்பங்கள் அந்தக் காலத்திலிருந்தே உண்டு. வாளுடன் வரும் அரசுப் பதிவுச் சீட்டை நற்சான்றிதழாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அதை வைத்திருப்பது சட்டப்படி வாளை வைத்துக்கொள்ளத்தான். கையொப்பம் உண்மையா என்று அது சொல்லாது. அதைச் சொல்வது 1948இல் தொடங்கிய ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கம் போன்ற அமைப்புகளின் சான்றிதழ்.

இதையெல்லாம் நான் வெறியோடு படித்தேன். படித்ததெல்லாம் காம்பைப் பற்றி. வாளைப் பற்றி எவ்வளவு தெரியும் என்பது ஆய்வுக் கூட்டங்களில்தான் வெளிச்சமானது.

அங்கே காம்பை மூடி மறைத்துவிட்டு வாளைக் கையில் தருவார்கள். வளைவையும், எஃகின் நெளிவையும், விளிம்பில் ஓடும் தோய்ச்சல் கோட்டையும் பார்த்து அடித்தவர் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். சரியாக இருந்தால் நடுவர் 'அத்தாரி' என்பார். அந்தக் கொல்லரின் நேர் வழியில் வந்த அப்பா, மகன் பெயரைச் சொல்லியிருந்தால் பெரும்பாலும் 'தோஸென்': ஏறக்குறைய சரிக்குச் சமம். ஒரு கூட்டத்தில் அரிசித் தவிடு தூவியதுபோல் பொடிப்பொடியாக மின்னும் எஃகு, நேராக இறங்கும் தோய்ச்சல் கோடு. ஹிஸென் வேலை என்பதில் சந்தேகமே இல்லை. முதல் ததாயோஷி என்று எழுதினேன். தோஸென் வந்தது. காம்பைத் திறந்தார்கள், மகன் ததாஹிரோ.

நல்ல மதிப்பெண்தான். ஆனால் என் முகம் வாடியதை நடுவர் பார்த்துவிட்டார். "ஒரு நிமிடத்துக்கு முன்னால் ரசித்த வாள்தானே இது? அதற்குள் என்ன குறைந்துவிட்டது?" என்றார். குறைந்தது எதுவென்று எனக்குத் தெரியும். வாய் திறந்து சொல்லக் கூச்சமாக இருந்தது.

மகனின் கதை அதற்குப் பிறகுதான் எனக்குள் இறங்கியது. தந்தை இறந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது. பட்டறையின் மூத்த கைகள் தாங்கிப் பிடித்தன. பின் 1693இல் இறக்கும்வரை அறுபது வருடம் உழைத்தார்; வாள்கள் ஏராளம், அதனாலேயே விலை மட்டு. பேரன் முத்சு நோ காமி ததாயோஷி 1637இல் பிறந்து, அப்பாவுக்கு முன்பே 1686இல் போய்விட்டார். அவர் பெயரில் கிடைப்பவை குறைவு, ஏனென்றால் தன் காலத்தின் பெரும்பகுதியை அப்பாவின் பட்டறையில் அப்பாவின் பெயருக்காகச் சம்மட்டி பிடித்தே கழித்தார். 1797இல் வந்த வெட்டுத்திறன் தரவரிசை நூலில் தாத்தாவும் பேரனும் உச்ச வகுப்பில் நிற்கிறார்கள், நடுவிலிருப்பவர் ஒரு படி கீழே. அப்படியானால் மகன் பெயர் வெட்டிய பிற்கால வாள்களில் சிலவற்றை உச்ச வகுப்புப் பேரனின் கையே அடித்திருக்கும். காம்பு அதைச் சொல்லாது. அதில் இருப்பது பட்டறைத் தலைவரின் பெயர்.

அதற்காகத் தலைமுறை விலையே பொய் என்று நான் சொல்லவரவில்லை. முதல்வர் வகுத்த பாணியில்தான் மற்றவர்கள் நடந்தார்கள். அவர் வேலை குறைவாகவே கிடைக்கிறது. சந்தை அதற்குக் கூடுதலாகக் கொடுப்பது நியாயம். என் சிக்கல் அந்தக் கூடுதல் தொகையை எஃகுக்குள் தேடியது.

இப்போது வாங்கும் எண்ணத்தோடு வாளைப் பார்த்தால், கைப்பிடியைக் கழற்றும் முன் ஒரு தொகையைக் குறித்துக்கொள்கிறேன்: பெயரே இல்லாமல் இந்த வாளுக்கு நான் என்ன கொடுப்பேன்? பிறகு காம்பையும் சான்றிதழையும் பார்த்து இரண்டாவது தொகை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெயருக்கான காசு. அதைக் கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம். எதற்குக் கொடுக்கிறேன் என்பதாவது தெரிகிறது. இரண்டாம் தலைமுறை என்றதும் மனம் இன்னும் கொஞ்சம் சுருங்கத்தான் செய்கிறது. முதலில் குறித்த தொகையை மட்டும் அதற்காக நான் அடித்துத் திருத்துவதில்லை.