சென்னையில் ஒரு நீச்சல் குளத்தின் ஆண்டு

சென்னையில் நீச்சல் குளத்துக்கு விடுமுறை கிடையாது. குளிர்நாடுகளில் இலையுதிர் காலத்தில் குளத்தை மூடி, அடுத்த கோடையில் திறப்பார்கள். இங்கே மார்கழியிலும் பாசி வளரப் போதுமான சூடு தண்ணீரில் இருக்கிறது. பருவம் பார்ப்பவர்கள் குளிக்க வருபவர்கள் மட்டுமே. ஏப்ரலிலும் மேயிலும் கூட்டம் நெரியும். ஐப்பசி, கார்த்திகையில் ஆளே இருக்காது. செலவைக் குறைக்க நினைக்கும் குடியிருப்புச் சங்கங்கள் இந்த ஆளில்லாத மாதங்களில்தான் கை வைக்கின்றன. அது தவறான இடம்.

கோடையில் குளோரினைத் தின்பது வெயில். காப்பு எதுவும் இல்லாத தண்ணீரில் உச்சிவெயிலின் புற ஊதாக் கதிர்கள் இரண்டு மணி நேரத்துக்குள் பெரும்பகுதி குளோரினைச் சிதைத்துவிடும். காலை பத்து மணிக்குப் போட்ட பிளீச்சிங் பவுடர் குளத்துக்குப் பயன்படுவதைவிட வெயிலுக்கு இரையாவதே அதிகம். விவரம் தெரிந்தவர்கள் பொழுது சாய்ந்த பிறகே போடுவார்கள். லிட்டருக்கு 30 முதல் 50 மில்லிகிராம் வரை சயனூரிக் அமிலம் இருந்தால் குளோரின் வெயிலைத் தாங்கும். குளோரின் மாத்திரைகளில் அந்த அமிலம் கூடவே வருகிறது. சிக்கலும் அங்கேதான்: குளோரின் செலவாகிவிடும், அமிலம் தங்கிவிடும். அளவு மீறிச் சேர்ந்தால், சோதனையில் குளோரின் காட்டும், குளத்தில் பாசியும் படரும். அப்போது தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றியே ஆகவேண்டும்.

பிஎச் அளவும் இதே போலத்தான். 7.5இல் குளோரினில் ஏறக்குறைய பாதி கிருமியைக் கொல்லும் வடிவில் இருக்கும். 8க்கு ஏறினால் கால் பங்குதான் மிஞ்சும். பிளீச்சிங் பவுடரே பிஎச்சை ஏற்றும் என்பதால் ஆசிட் கேன் இல்லாத பம்ப் அறையைப் பார்ப்பது அரிது. கண் எரிந்தாலும் வாடை அடித்தாலும் குளோரின் அதிகம் என்று புகார் வரும். பெரும்பாலும் உண்மை நேர்மாறு: வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து செயலிழந்த குளோரினின் வாடை அது. மருந்து இன்னும் போடவேண்டும் என்று அதற்குப் பொருள்.

நாளுக்கு ஆறு மில்லிமீட்டர் ஆவியானால், பத்துக்கு ஐந்து மீட்டர் குளத்தில் 300 லிட்டர் குறையும். போவது தண்ணீர் மட்டும். உப்பும் சுண்ணாம்பும் அப்படியே இருக்கும். ஈடுகட்ட விடும் போர் தண்ணீர் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பைக் கொண்டுவரும். நீர்மட்டத்தை ஒட்டி டைல்ஸில் படியும் வெள்ளைக் கோடு இந்தக் கணக்கின் மிச்சம்.

மழை இதைத் தலைகீழாக்குகிறது. பத்து சென்டிமீட்டர் மழை அதே குளத்தில் 5,000 லிட்டரைச் சேர்க்கும். குளோரின் நீர்த்துப்போகும், காற்றிலிருந்து பாசி வித்தும் தூசியும், புல்வெளியிலிருந்து உரமும் வந்து சேரும். மறுநாள் வெயில் அடித்தால் தண்ணீர் பச்சையாகிவிடும். எனவே மழைக்கு முன்பே குளோரினைக் கூட்டி, மோட்டாரை ஓடவிட்டு, மழை விட்டதும் இலை அள்ளி, சுவரைத் தேய்த்து, பில்டரை பேக்வாஷ் செய்யவேண்டும். ஆனாலும் மழையைத் திட்டுவது நன்றிகெட்டதனம். சென்னைக் குளத்துக்குக் கிடைப்பதிலேயே மென்மையான தண்ணீர் அதுதான். வழிந்தோட விட்டால், கோடையில் சேர்ந்த சுண்ணாம்பையும் சயனூரிக் அமிலத்தையும் காசில்லாமல் குறைத்துத் தரும்.

புயல் வேறு விஷயம். 2016 டிசம்பரில் வர்தா மரங்களைச் சாய்த்தபோது பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. மோட்டார் ஓடாத குளத்தில் திரவக் குளோரினைக் கையால் பரவலாக ஊற்றிக் கலக்கிவிடுவது ஒன்றே வழி. அதையும் விட்டால் தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு வரும். நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி தெளிந்த தண்ணீரிலேயே முட்டையிடும்.

பச்சையான குளத்தை மழைக்காலத்தில் ஒரேயடியாகக் காலி செய்ய நினைப்பது பெரிய ஆபத்து. நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும்போது உள்ளே எடை இல்லாவிட்டால், வெளி அழுத்தம் கான்கிரீட் தொட்டியையே மேலே தூக்கும், அல்லது விரிசல் விடச் செய்யும். டைல்ஸ் வேலைக்கும் கசிவு பார்க்கவும் நீர்மட்டம் இறங்கும்வரை பொறுக்கவேண்டும். மே மாதத்தில் அது நன்றாக இறங்கியிருக்கும். ஆனால் மறுபடி நிரப்ப லாரித் தண்ணீருக்கு அலைய நேரும். சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வற்றிய 2019 கோடையில் குடிக்கவே தண்ணீர் இல்லை. மார்ச் ஓரளவு தோது: தரை காய்ந்திருக்கும், தேர்வு நேரமென்பதால் பிள்ளைகளும் சண்டைக்கு வரமாட்டார்கள்.