சீப்பு சொல்லும் சேதி

எங்கள் வீட்டில் வெள்ளை வேட்டியில் ஒட்டிக்கொள்ளக் கறுப்பு முடியும், கறுப்புப் புடவையில் ஒட்டிக்கொள்ள வெள்ளை முடியும் எப்போதும் உண்டு. கறுப்பு, சிட்டுவினுடையது. நாட்டுப்பூனை, வயதான கிழவி. வெள்ளை, முத்துவினுடையது. வடக்கே மாற்றலாகிப் போன ஒரு குடும்பம் எங்களிடம் விட்டுச்சென்ற பெர்ஷியன். பூனை வளர்க்க ஆசைப்பட்டு யோசனை கேட்க வருகிறவர்கள் கடிக்குமா, பிறாண்டுமா என்றுகூட அவ்வளவாகக் கேட்பதில்லை. முடி கொட்டுமா என்றுதான் கேட்கிறார்கள். கொட்டும். முடி வளர்வதும் ஓய்வதும் உதிர்வதும் பூனையின் உடம்பில் நிற்காமல் நடக்கிற வேலை. அதை நிறுத்த முடியாது. உதிர்கிற முடி தரைக்குப் போவதற்கு முன்னால் நம் கைக்கு வந்துசேரும்படி பார்த்துக்கொள்ளலாம். அப்படித் தினமும் சீவிவருகிறவருக்கு, முடியைவிடப் பெரிய சேதிகள் கையில் அகப்படும்.

வெளிநாட்டுப் புத்தகங்களில் பூனைக்கு வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் முடி கொட்டும் என்று போட்டிருக்கும். அந்த ஊர்களுக்கு அது சரி. பூனையின் ரோமம் முக்கியமாகப் பகல் வெளிச்சத்தின் நீளத்தைப் பார்த்தே மாறுகிறது. லண்டனில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் 8 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். எங்கள் மதுரையில் அது ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. போதாததற்கு வீட்டுக்குள் ராத்திரி வெகுநேரம்வரை ட்யூப்லைட் எரிகிறது. என்ன பருவம் என்று பூனையின் உடம்புக்குத் தெரிய வழியில்லாமல், வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துக்கொண்டே இருக்கிறது. சித்திரை கழிந்தால் சரியாகிவிடும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

பூனைக்குச் சீப்பு அதன் நாக்கிலேயே இருக்கிறது. விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய கால் பங்கை நக்கிச் சுத்தம் செய்துகொள்வதிலேயே செலவிடும். உள்ளங்கையை அதனிடம் கொடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொரசொரப்பு தெரியும். நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டினால் ஆன நுண்ணிய முட்கள், எல்லாம் தொண்டையைப் பார்த்து வளைந்தவை. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் அலெக்சிஸ் நோயலும் டேவிட் ஹூவும் இந்த முட்களை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் ஒரு குழிவு இருக்கிறது. அது எச்சிலை வாங்கிக்கொண்டுபோய் ரோமத்தின் அடிவரை சேர்க்கிறது. வீட்டுப்பூனை, புலி, சிங்கம் உட்பட ஆறு இனங்களில் பார்த்தார்கள்; எல்லாவற்றிலும் அதே அமைப்பு. நாக்கு அழுத்தும்போது ரோமம் அமுங்கிக்கொடுக்க, முள் போய்த் தோலைத் தொடுகிறது. பெர்ஷியனின் ரோமம் மட்டும் அமுங்கினாலும் முள்ளுக்கு எட்டாத அளவு நீளமாக, அடர்த்தியாக இருக்கிறது. மனிதன் தன் கண்ணுக்கு அழகாக வளர்த்தெடுத்த ரோமம் அது. அதற்கு ஈடாக நாக்கு வளரவில்லை. பெர்ஷியனை வீட்டுக்குக் கொண்டுவருகிறவர் அந்த நாக்கால் முடியாத வேலையைத் தானே செய்தாக வேண்டும். குட்டியை விற்கும்போது இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை என்பதில் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு.

முட்கள் உள்நோக்கி வளைந்திருப்பதால் நாக்கில் சிக்கிய முடியைப் பூனையால் துப்ப முடியாது, விழுங்கத்தான் வேண்டும். பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். மிஞ்சியது வயிற்றில் திரண்டு, நீளவாக்கில் வாந்தியாக வரும். எப்போதாவது வந்தால் பயமில்லை. திரும்பத் திரும்பக் குமட்டி, ஒன்றும் வெளிவராமல், சாப்பாட்டையும் தொடாமல் படுத்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். குடல் அடைத்திருக்கலாம்.

முத்துவுக்குச் சிக்கு விழுகிற இடங்கள் காதுக்குப் பின்புறமும் முன்னங்கால் இடுக்கும் தொடையின் உட்பக்கமும். மேலே தடவினால் வழவழவென்று இருக்கும்; உள்ளே விரலை விட்டால் கட்டி தட்டுப்படும். அங்கே கத்தரிக்கோலைக் கொண்டுபோகவே கூடாது. பூனையின் தோல் மிக மெல்லியது. சிக்கைப் பிடித்துத் தூக்கினால் தோலும் கூடவே எழும்பிவரும். எது முடி, எது தோல் என்று தெரியாமல் வெட்டுப்படும். சிக்கின் அடியை, தோலை ஒட்டினாற்போல், இடது கையின் இரண்டு விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொள்வேன். இழுப்பது தோல்வரை போகாமல் என் விரலோடு நின்றுவிடும். ஒரு சிட்டிகை சோளமாவைத் தூவி, நுனியிலிருந்து விரலாலேயே இழை இழையாகப் பிரிப்பேன். அதற்குப் பிறகுதான் அகலப் பல் வைத்த எவர்சில்வர் சீப்பு. அதிலும் ஓரத்துப் பல் இரண்டு மட்டும். கொஞ்ச நேரத்தில் அவன் வால் நுனி துடிக்கும். உடனே சீப்பைக் கீழே வைத்துவிடுவேன். மிச்சம் நாளைக்கு. அன்றைக்கே முடித்துவிடலாம் என்று அமுக்கிப் பிடித்தால் மறுநாள் சீப்பைக் கண்டதும் கட்டிலுக்கடியில் போய்விடுவான். தோலோடு அப்பிப்போன சிக்கு என்றால் மருத்துவரிடம் மெஷினால் எடுப்பதே நல்லது.

என் மாமியாருக்கு இளைப்பு உண்டு. முத்து வந்த புதிதில் அது கூடியது. "ஏம்மா, பூனை முடி மூச்சுல போனா நெஞ்சுக்குள்ள தங்கிடும்னு சொல்றாங்களே" என்றார். "டாக்டர்கிட்டயே கேட்டுருவோம் அத்தை" என்று அழைத்துப்போனேன். முடி நுரையீரலில் போய்த் தங்குவதில்லை, பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் உண்டாகிற ஃபெல் டி 1 என்கிற புரதமே ஒவ்வாமைக்குக் காரணம் என்று விளக்கினார். பூனை நக்கும்போது ரோமத்தில் படிந்து, காய்ந்து, பொடியாகிக் காற்றில் வெகுநேரம் மிதக்குமாம். அப்படியானால் பூனையை மொட்டையடித்தாலும் தீராது. அன்றிலிருந்து அத்தையின் அறைக்குப் பூனைகள் போவதில்லை. கதவு சாத்தியே இருக்கும். சீவுவது பின்கட்டில், அத்தை அந்தப் பக்கம் வராத நேரத்தில். விளக்குமாறு தூசியைக் கிளப்பிவிடும் என்பதால் விசிறியை நிறுத்திவிட்டு ஈரத்துணியால் துடைத்தெடுக்கிறோம். சோபாவுக்கு, நனைத்து உதறிய ரப்பர் கையுறை. ஒரே திசையில் தடவினால் முடியெல்லாம் திரியாகத் திரண்டு வரும். அத்தைக்கு இப்போது ராத்திரியில் எழுந்து உட்கார வேண்டியிருப்பதில்லை. இருந்திருந்தால், எவ்வளவு மனசு கஷ்டப்பட்டாலும், முத்துவுக்கு வேறு நல்ல வீடு பார்த்திருப்பேன்.

குளிப்பாட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆரோக்கியமான நாட்டுப்பூனைக்குக் குளியல் பெரும்பாலும் தேவையே இல்லை. நம் வீடுகளில் பூனையைக் குளிப்பாட்டும் தண்ணீரில், ஊற்றினால் வெளுக்கிற கிருமிநாசினியை ஒரு மூடி கலக்கிறார்கள். தரைக்கு ஃபினாயில் போடுகிறார்கள். பீனால் வகைப் பொருள்களை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. காலில் பட்டதை நக்கினாலே உடம்புக்குள் போய்விடும். நாய்க்கு உண்ணி ஒழிக்க வாங்கிய பெர்மெத்ரின் மருந்து அதைவிட ஆபத்து. நாய்க்கு ஒன்றும் செய்யாத அளவே பூனைக்கு வலிப்பை உண்டாக்கி உயிரை எடுத்துவிடும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. முடி என்பது பெரும்பாலும் புரதம். பூனை மாமிசத்தால் வாழும் பிராணி. பால்சோறும் தயிர்சோறும் மட்டுமே போட்டு வளர்த்தால் ரோமம் மங்கித்தான் போகும். அதைச் சீப்பால் சரிசெய்ய முடியாது.

வலியை மறைப்பதில் பூனைக்கு நிகரில்லை. அது மறைப்பதைச் சீவும் கைதான் கண்டுபிடிக்கும். சீப்பில் மிளகுத்தூள் அளவில் கறுப்புப் பொடி வந்தால் ஈரப் பஞ்சில் வைத்துப் பார்ப்பேன். செம்பழுப்பாகக் கசிந்தால் தெள்ளுப்பூச்சியின் எச்சம். பூனையின் ரத்தம்தான் அப்படிக் கரைகிறது. வட்டமாக முடி போய்ச் செதில் தட்டியிருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். வீட்டுக் குழந்தைகளுக்கும் ஒட்டும். அடிவயிற்றை மட்டும் நக்கி நக்கி வழித்துவைத்திருந்தால் தோல் அரிப்போ, மன உளைச்சலோ, சிறுநீர்ப்பையில் வலியோ இருக்கக்கூடும்.

சிட்டுவிடம் வந்தது இதற்கு நேர்மாறான அறிகுறி. போன வருடம் அவளுடைய இடுப்புக்கு மேலே ரோமம் பிரிந்து பிரிந்து நின்றது. சீப்பில் வெள்ளைப் பொடுகு வந்தது. அந்த இடத்தை அவள் நக்குவதையே விட்டிருந்தாள். சாப்பிட்டாள், தூங்கினாள், ஜன்னலோரம் உட்கார்ந்தாள்; பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தபோது கடைவாய்ப் பல்லொன்று சொத்தையாகி ஈறு வீங்கியிருந்தது. இடுப்பு மூட்டிலும் தேய்மானம். பல்லை எடுத்த பிறகு நெஞ்சையும் பாதங்களையும் பழையபடி நக்குகிறாள். இடுப்புவரை திரும்ப அவளால் முடிவதில்லை. அங்கே நான் மெல்லிய ரப்பர் பிரஷ்ஷால் காலையில் ஒருமுறை, ராத்திரி ஒருமுறை தடவிக் கொடுக்கிறேன். மூட்டுவலிக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்ததை மட்டுமே தருகிறோம். பக்கத்து வீட்டு அக்கா அன்போடுதான் கேட்டார், "பாவம், நம்ம பாராசிட்டமால்ல ஒரு துணுக்குக் குடுத்தா என்ன?" என்று. பூனைக்கு அந்தத் துணுக்கே விஷம், ரத்தத்தையே கெடுத்துவிடும் என்று சொன்னேன். அன்று சாயங்காலமே தன் வீட்டு மாத்திரை டப்பாவை மேல் அலமாரிக்கு மாற்றிவிட்டார். அவர் வீட்டிலும் இரண்டு குட்டிகள் வளர்கின்றன.