பழைய வண்டியும் பழைய நண்பனும்

நம் கல்லூரியில் யான் இரண்டாமாண்டு பயின்ற காலத்து ஒருநாள் மாலை, விடுதி வாயிலில் சிறு மோட்டார் வண்டியொன்று வந்து நின்றது. இருவர்க்கு மேல் அதில் இடமில்லை. மேற்கூரையோ மடிக்கத் தக்கது. கால்பந்தாடிக்கொண்டிருந்த நாங்கள் பந்தை விட்டுவிட்டு அதனைச் சூழ்ந்துகொண்டோம். அயல்நாட்டு ஸ்போர்ட்ஸ் கார் என்றே பலரும் கருதினோம். உண்மை அதுவன்று, பெங்களூரைச் சேர்ந்த ஸான் நிறுவனத்தார் கோவாவில் செய்த 'ஸான் ஸ்டார்ம்' என்னும் வண்டி அது. இயந்திரம் பிரெஞ்சு நாட்டு ரெனோ கம்பெனியாருடையது. 1149 கன சென்டிமீட்டர் அளவினது. வேகத்திற் பெயர்பெற்ற மேனாட்டு வண்டிகளின் முன் அஃது ஒரு குழந்தையே எனினும், பேருந்தின் படிக்கட்டில் தொங்கி ஊர் சென்று வந்த எங்கட்கு அந்த வேறுபாடு தோன்றவில்லை. என் அறைத் தோழன் அன்றிரவு உறங்காமல், "ஒருநாள் இதனை வாங்கியே தீருவேன்" என்று பலமுறை கூறினான். யான் கூறவில்லை, எண்ணிக்கொண்டேன்.

அவன் சொன்னபடியே வாங்கினான். மதுரையில் வேலைக்கு அமர்ந்தபின், ஒருவர் ஓட்டிய வண்டியை விலைக்குப் பெற்றுச் சில ஆண்டுகள் ஓட்டினான். யான் இருசக்கர வண்டியோடு நின்றுவிட்டேன்.

நிற்க. சென்ற கோடை விடுமுறையில் யான் ஏர்வாடியில் என் அன்னையாருடன் இருந்தபொழுது, அத்தோழன் இராமநாதபுரம் வழியாக அவ்வண்டியிலேயே எங்கள் வீடு வந்து சேர்ந்தான். அவனுடைய தந்தையார்க்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதுற்று, வாரம் மும்முறை டயாலிசிஸ் நடந்துவருகிறது. இரண்டு லட்சத்து நாற்பதினாயிரம் ரூபாய்க்கு வண்டியை யான் கொள்ளவேண்டுமென்று கேட்டான். "முன்பக்கம் சிறிது உராய்ந்தது உண்டு, சரிசெய்தாயிற்று. உடல் முழுதும் கண்ணாடி நார். உங்கள் ஊர் உப்புக்காற்று இதனை ஒன்றும் செய்யாது" என்றான். உரிமை மாற்றத்திற்கு வேண்டிய 29, 30 ஆம் எண் படிவங்களிற் கையொப்பமிட்டே கொண்டுவந்திருந்தான். மூன்று நாள் ஓட்டிப் பார் என்று சாவியை என் கையில் வைத்துவிட்டுப் பேருந்தேறினான்.

என்னிடம் ஒன்றரை லட்சம் இருந்தது. எஞ்சியதற்குத் தம் வளையல்களை வங்கியில் வைக்கலாமென்று அன்னையார் தாமே கூறினார். தாய்மார் இவ்வாறு கூறும்பொழுது மறுக்கவேண்டுமென்பது எனக்குத் தெரியும், அன்று மறுக்கவில்லை.

முதல்நாள் கீழக்கரை வரை ஓட்டிச்சென்றேன். அந்த மகிழ்ச்சியை மறைத்தற்கில்லை. கடற்காற்று முகத்திலடிக்க, சிறுவர் ஓடிவந்து கையசைக்க, யான் பத்தொன்பது வயதினன் ஆனேன். ஆனால் திரும்பும்போது, நேரான சாலையிற் பிடியைச் சிறிது தளர்த்தியவுடன் வண்டி இடப்பக்கமே சாய்ந்து சென்றது. வீட்டிற்கு வந்து பதிவுச் சான்றைப் பார்த்தேன். அதில் நிறம் வெள்ளை என்றிருந்தது. வண்டியோ சிவப்பு.

யாரிடம் காட்டுவது? பழைய கார் வாங்குவோர், துணி சுற்றிய காந்தத்தை உடலின்மேல் வைத்துப் பார்ப்பர். பட்டி பூசி மறைத்த இடத்திற் காந்தம் ஒட்டாது. இவ்வண்டியில் அச்சோதனையும் பயனற்றது. கண்ணாடி நாரிற் காந்தம் எங்குமே ஒட்டாதன்றோ? அப்போதுதான் எங்கள் கடற்கரை நினைவிற்கு வந்தது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கரை நெடுகிலும் மரத்தாலான வள்ளங்கள் குறைந்து ஃபைபர் படகுகள் பெருகின. எங்கள் கரையில் அவற்றைப் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர் உண்டு. மூத்தோரை அழைக்கும் முறைப்படி ஊரார் யாவரும் அவரைக் காக்கா என்பர். படகும் இவ்வண்டியும் ஒரே பொருளாற் செய்யப்பட்டவை: கண்ணாடி நார்ப் பாயை விரித்து, கடினமாக்கும் மருந்து கலந்த பிசினை ஊற்றி, பாய்மேற் பாயாக அடுக்கி இறுகவிடுதல்.

மறுநாட் காலை வண்டியைக் கரைக்குக் கொண்டுசென்றேன். காக்கா நெடுநேரம் சிரித்தார். "தம்பி, இதற்கு வலை எங்கே?" என்று கேட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து, உடலெங்கும் மெல்லத் தட்டிக்கொண்டே சுற்றிவந்தார். கதவிலும் பின்புறத்திலும் ஓசை தெளிவாக எழுந்தது. முன்பக்கத்து இடச்சக்கரத்தின் மேல் தட்டியபோது, நனைந்த பலகையைத் தட்டினாற்போல் அடங்கிவிட்டது. அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்த இடத்தில் ஓசை அவ்வாறு மாறும் என்றார். அவ்விடங்களைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டார், நான்கு வட்டங்கள்.

"வெளியே சாயம் பூசி எவரையும் ஏமாற்றலாம், உள்ளே பார்" என்று, சக்கரத்தின் மேலுள்ள குழிவில் என் கையைப் பிடித்து வைத்தார். ஒருபால் பாயின் நெய்தல் சீராகத் தென்பட்டது. மறுபால் பிசின் கட்டிகட்டியாய் உறைந்திருந்தது. உடைந்த விளிம்பைச் சரிவாகத் தேய்த்து அடுக்கடுக்காய்ப் பாய் ஒட்டவேண்டும். அவ்வாறன்றி, உடைப்பின் மேலேயே ஒட்டி, வெளியே பட்டியால் மெழுகியிருந்தனர்.

"இதனைச் சரிசெய்ய முடியுமா, காக்கா?"

"தோலை நான் இரண்டு நாளிற் சரிசெய்து தருவேன். எலும்பைப் பார்த்தாயா?"

வள்ளங்களைத் தாங்கும் பனந்துண்டுகளின்மேல் வண்டியை ஏற்றினோம். வலை பின்னும் நைலான் நூலைக் கொண்டு, அடிச்சட்டத்தின் முன் இடமூலையிலிருந்து பின் வலமூலைக்கும், முன் வலமூலையிலிருந்து பின் இடமூலைக்குமாகக் குறுக்கே அளந்தார். சட்டம் நேராக இருப்பின் இரண்டும் ஒத்திருக்கவேண்டும். இங்கே இரண்டு விரற்கடை குறைந்தது. இடப்பக்கத்து இரும்பில், கறுப்புச் சாயத்தின் கீழ் ஒரு வெல்டிங் தழும்பு. நகத்தாற் சுரண்டியவுடன் துரு செதில்செதிலாய் உதிர்ந்தது. நார் துருப்பிடியாது என்பது மெய்யே. அதனைத் தாங்கும் சட்டம் இரும்பு என்பதை நண்பன் கூறவில்லை, யானும் கேட்கவில்லை. வாலிநோக்கத்தில் உப்பளமிட்டு உப்பெடுக்கும் கரையில் வாழும் யான் அதனைக் கேட்டிருக்கவேண்டும்.

"வள்ளமாயின் வாங்கு என்பேன். நடுக்கடலிற் பிளந்தாலும் பலகையைப் பற்றி நீந்தலாம். சாலையில் எங்கே நீந்துவாய்?" என்று கூறிவிட்டுக் காக்கா தேநீர் குடிக்கப் போய்விட்டார். கூலி பெறவில்லை.

ஒரு வண்டியைச் செப்பனிடும் செலவு அதன் காப்பீட்டு மதிப்பில் நூற்றுக்கு 75 பங்கை மிஞ்சுமாயின் அதனை முழு நஷ்டமென்று தள்ளிவிடுவது நம் நாட்டுக் காப்பீட்டு வழக்கம். இவ்வண்டியைக் கணக்கிட்டிருப்பின் எவ்வளவு வந்திருக்குமோ! செய்வது நின்றுபோன வண்டியாதலின் வேறு சட்டம் கிடைப்பதும் அரிது. ஆகவே வாங்கலாகாது என்பதை முடிவுசெய்ய எனக்கு ஒரு நாழிகையும் வேண்டியிருக்கவில்லை. அதனை அவனிடம் சொல்வதற்கே ஓர் இரவு முழுதும் தேவைப்பட்டது. அவன் அறியாமல் விற்க வந்தானோ, அறிந்தே வந்தானோ? அறியாமல் வந்திருக்கவேண்டுமென்று விடியுமட்டும் வேண்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அவன் வந்தான். சுண்ண வட்டங்களைக் கண்டவுடனே முகம் மாறியது. யான் ஒன்றும் கேட்குமுன்பே, "எனக்குத் தெரியும். ஈராண்டுக்கு முன் பாலச் சுவரில் மோதினேன்" என்றான். சிறிது பொறுத்து, "பிறன் ஒருவனாயின் மெக்கானிக்கை அழைத்துவருவான். நீ அழைத்துவர மாட்டாய் என்று எண்ணினேன்" என்றான்.

அச்சொல் என்னைச் சுட்டது. என் நம்பிக்கையையே அவன் விலையில் ஒரு பங்காக எண்ணியிருந்தான் என்பது ஒருபுறம். அவன் எண்ணியதற்கு மாறாக, அவன் அறியாமல் யான் வண்டியைச் சோதித்தேன் என்பது மறுபுறம். இவற்றுள் எது பெரிதென்று இன்றும் என்னால் அளக்க இயலவில்லை. என் அன்னையார் மட்டும் ஒன்றும் நிகழாதவர்போல் அவனுக்கு மீன்குழம்பும் சோறும் படைத்து, தந்தையாரின் நலத்தை உசாவிக்கொண்டிருந்தார்.

உண்டபின், என்னிடமுள்ளதில் எழுபதினாயிரம் கடனாகத் தருகிறேன் என்றேன். அவன் தலையை அசைத்தான்; அஃது இசைவோ மறுப்போ எனக்கு விளங்கவில்லை. அன்றிரவே வங்கி வழியாக அனுப்பிவிட்டேன். அது திரும்பி வரவில்லை.

புறப்படுமுன் ஈரத்துணி ஒன்று கேட்டான். கொடுத்தேன். வண்டியின் முன் சென்று, அந்நான்கு வட்டங்களையும் பார்த்துக்கொண்டு நின்றான். பின்னர்த் துணியை மடித்து, அருகிலிருந்த வெற்று இருக்கையில் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். இராமநாதபுரம் சாலையில் அது மறையும் வரையில், இடப்பக்கம் சிறிது இழுத்துக்கொண்டே சென்றதைக் கண்டேன். வட்டங்களை மதுரை சேருமுன் துடைத்தானோ, அவற்றோடேயே விலை பேசினானோ, அவனும் எழுதவில்லை, யானும் கேட்கவில்லை.